வீட்டில் பூஞ்சை பிடிக்கிறதா? மருந்து அடிக்கும் முன் ஈரத்தை அளந்து பாருங்கள்

பீரோவை நகர்த்தும்போது பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள், செருப்பு அலமாரியைத் திறந்தால் மக்கிய வாடை, பாத்ரூம் கூரையில் சாம்பல் படை. இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது பூஞ்சையைக் கொல்ல ஒரு திரவத்தைத்தான். அடித்தால் கறை போகும், சில வாரத்தில் அதே இடத்தில் திரும்பவும் வரும், மறுபடி அடிப்போம். அந்த இடத்துக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதவரை இது இப்படியேதான் ஓடும்.

பூஞ்சைக்குத் தேவையானவை நான்கு. விதை மாதிரி பறக்கும் நுண்வித்துகள், தின்பதற்கு ஏதாவது, மிதமான வெப்பம், ஈரம். வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன, அவற்றை ஒழிக்க முடியாது. தின்பதற்குத் தூசியே போதும். காகிதம், மரம், துணி, தோல், பெயின்ட் எல்லாம் அதற்குச் சாப்பாடுதான். வெப்பமும் நமக்கு எது சுகமோ அதுவே அதற்கும் சுகம். ஆக, நம் கையில் மிச்சம் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

முதல் வேலை: ஒரு ஹைக்ரோமீட்டர்

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி, வெப்பநிலையும் சேர்ந்தே காட்டும். எந்தக் கிளீனரும் வாங்கும் முன் இதை வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. விலை குறைந்த கருவிகள் 5% வரை கூடக் குறையக் காட்டுவது சகஜம் என்பதால் வீட்டிலேயே ஒரு முறை சோதித்துக்கொள்ளலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டியான சேறு மாதிரி ஆக்குங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத ஜிப் பைக்குள் வைத்து, ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75% ஆகிவிடும். கருவி 79 காட்டினால் அது 4 கூட்டிக் காட்டுகிறது என்று மேலே எழுதி ஒட்டிவிட்டு அதையே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சரி, எந்த எண் நல்லது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 60%-க்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 30 முதல் 50-க்குள் இருக்கட்டும் என்கிறது. ஈரமான வெப்பப் பகுதியில் 50-க்குக் கீழே கொண்டுவருவதற்குள் மின்கட்டணம் கண்ணைக் கட்டிவிடும். பெரும்பாலான நேரம் 55-ஐ ஒட்டி இருந்தாலே நான் நிம்மதியாக இருப்பேன். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் 75, 80-க்குப் போய் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். நாள் முழுக்க 65-க்கு மேலேயே நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று. கருவி காட்டுவது அறைக் காற்றின் ஈரப்பதம். பூஞ்சை வளர்வதோ சுவரின் மேல். குளிர்ந்த காற்று குறைந்த நீராவியைத்தான் தாங்கும், அதனால் சுவர் அறையைவிடக் குளிர்ந்திருந்தால் அதை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் கூடிவிடும். அறை 25 டிகிரியில் 60% என்று வையுங்கள், பார்க்க நல்ல எண்தான். அதே அறையில் ஒரு மூலை மட்டும் 20 டிகிரியில் இருந்தால் அந்த மூலையை ஒட்டிய காற்று 80%-ஐத் தாண்டிவிடும். பெரும்பாலான பூஞ்சைகள் சுவரில் தொற்றி வளர அந்த 80 போதும், அது நாள்கணக்கில் நீடித்தால். சில வகைகளுக்கு 75-ஏ போதும். நடு ஹாலில் பூஞ்சை இல்லாமல் பீரோவுக்குப் பின்னால் மட்டும் இருப்பதற்கு இதுதான் காரணம். அதனால் ஒரு கருவியை அறை நடுவிலும் இன்னொன்றைச் சந்தேகப்படும் மூலையிலும் வையுங்கள். காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் குறித்து வந்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து: எந்தத் தண்ணீர் என்று பிரியுங்கள்

ஈரம் மூன்று வழியாக வரும். வெளியிலிருந்தோ குழாயிலிருந்தோ கசிவது, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு. ஒன்றுக்கு உண்டானதை இன்னொன்றுக்குச் செய்தால் பணம்தான் வீண்.

கசிவு பெரும்பாலும் ஓரிடத்தில், பழுப்பு விளிம்போடு வளையமாகத் தெரியும். மழை பெய்தால் பெரிதாகும், அல்லது மாடி வீட்டுப் பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும். குழாய்க் கசிவு என்று சந்தேகம் வந்தால் இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். யாரும் தண்ணீர் புழங்காமல் எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஓதம் தரையிலிருந்து மேலே ஏறும், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். பெயின்ட் உப்பிக் கொண்டு பொரியும், வெள்ளையாக உப்புப் பூக்கும். இந்த வெள்ளை உப்பைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் நிறைய. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உப்பாக இருந்தால் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. காற்றின் ஈரம் படிவதால் வருவது மூலைகளில், ஜன்னல் ஓரத்தில், பீரோ, கட்டில், திரைச்சீலைக்குப் பின்னால் பரவலாகப் புள்ளி புள்ளியாக வரும்.

பிரித்துப் பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முழ நீளத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாள் அல்லது அலுமினிய ஃபாயிலை வெட்டி, நான்கு ஓரமும் சுவரோடு இறுக ஒட்டும்படி டேப் போட்டு, இரண்டு நாள் விடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கம் ஈரமென்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரமென்றால் அது காற்றில் இருக்கும் ஈரம். இந்தச் சோதனை நூறு சதவீதம் துல்லியமில்லை, ஆனாலும் கொத்தனாரையோ வாட்டர்புரூஃபிங் ஆளையோ கூப்பிட வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும்.

சுவருக்குள்ளிருந்து வருகிறதென்றால் முதலில் அந்த வழியை அடைத்து நிறுத்துங்கள். அது ஒழுகிக்கொண்டிருக்கும்போது இதற்குப் பின் சொல்லும் எதுவும் வேலைக்கு ஆகாது. ஓதம் ஏறும் சுவரின் உள்பக்கத்தில் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், அல்லது பெயின்டையே தள்ளிக்கொண்டு வரும்.

கூரை ஒழுகியோ குழாய் உடைந்தோ வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் கணக்கு இன்னும் நெருக்கடியானது. நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது. அதனால் அன்றைக்கு அலமாரியைத் துடைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு மெத்தை, தரைவிரிப்பு, புத்தகம், மரச்சாமானின் அடிப்பகுதி இவற்றை முதலில் பாருங்கள்.

உள்ளே உண்டாகும் ஈரத்தைக் குறையுங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் தாங்குவது சுமார் 30 கிராம் நீராவி. ஆக மொத்த அறையின் காற்றும் முழுக்க நிறைந்தாலும் அதில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. மெஷினில் பிழிந்து எடுத்த ஒரு முறைத் துணியை அதே அறையில் கொடி கட்டிக் காயப்போட்டால் அதிலிருந்து கிளம்புவது 2 லிட்டராவது இருக்கும். அவ்வளவும் காற்றில் நிற்க முடியாது. சுவரில், மெத்தையில், பீரோவில் மடித்து வைத்த துணியில் போய் உட்கார்ந்துகொள்ளும். படுக்கையறையில் பூஞ்சை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது துணி எங்கே காயவைக்கிறீர்கள் என்றுதான்.

வெளியே காயப்போட வழியே இல்லையென்றால் ஒரே அறையைத் துணிக்கென்று ஒதுக்குங்கள், கதவை மூடி வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனையோ, காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்துத் தொட்டியில் சேர்க்கும் டீஹியூமிடிஃபையரையோ அங்கே ஓட விடுங்கள். மெஷினில் இன்னொரு முறை ஸ்பின் போடுவதும் நல்லது, தண்ணீரைச் சுழற்றி எடுக்க ஆகும் மின்சாரம் அதை ஆவியாக்கி எடுப்பதைவிட எவ்வளவோ குறைவு.

சமையலில் கொதிக்கும் பாத்திரத்தை மூடி வைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பலருக்குத் தெரியாதது, கேஸ் அடுப்பின் தீயே தண்ணீரை உண்டாக்குகிறது என்பது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவி வரும். அடுப்பில் வெறும் தோசைக்கல் இருந்தாலும் சரி, ஃபேன் ஓட வேண்டும். புகைபோக்கி இல்லாத கெரசின், கேஸ் ஹீட்டர்களுக்கும் இதே கதைதான், அவற்றில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

பாத்ரூமில் குளித்து முடித்ததும் சுவரையும் தரையையும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துத் தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ளிவிடுங்கள், ஆவியாகி வீட்டுக்குள் வர வேண்டியது அப்படியே வெளியே போய்விடும். எக்ஸாஸ்ட் ஃபேனை அதன் பிறகும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஃபேன் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ தாளை அதன் முகத்தில் காட்டினால் போதும், ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் தூசி அடைத்திருக்கும், அல்லது காற்று உள்ளே வர வழி இருக்காது. கதவுக்கு அடியில் விரல் அளவு இடைவெளி இல்லாத பாத்ரூமில் எந்த ஃபேனும் ஒன்றும் செய்யாது. ஃபேனின் குழாய் கட்டடத்துக்கு வெளியே திறக்கிறதா, அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டுவிட்டார்களா என்பதையும் ஏறிப் பார்த்துவிடுங்கள்.

ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

“காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்பது பாதி நாளுக்குத்தான் சரியான அறிவுரை. வெளிக் காற்றில் உள்ளே இருப்பதைவிடக் குறைவான நீராவி இருந்தால் திறங்கள், அதிகமாக இருந்தால் மூடுங்கள். இதைச் சதவீதத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் சதவீதம் வெப்பத்தோடு மாறும். வெளியே 5 டிகிரி, 90% என்றால் கேட்கவே சில்லென்று ஈரமாக இருக்கிறது, ஆனால் அதே காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 35%-க்கும் கீழே போய்விடும். குளிர் நாட்டில் இருப்பவர்கள் மழை தூறினாலும் ஜன்னலைப் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடலாம் என்பது இதனால்தான். வெளியே 30 டிகிரி, 85% என்றால் நிலைமை தலைகீழ். அந்தக் காற்று ஏசி போட்டு 25 டிகிரிக்குக் குளிர்ந்த அறைக்குள் வந்தால் தாங்க முடியாமல் சுவரிலும் தரையிலும் வியர்த்து வடியும்.

இதற்குச் சுலபமான வழி பனிநிலையைப் பார்ப்பது, அதாவது காற்றில் உள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. வானிலைச் செயலிகள் பலவற்றில் இந்த எண் இருக்கும். உள்ளே 25 டிகிரி, 60% என்றால் பனிநிலை சுமார் 17. வெளியே பனிநிலை 14 என்றால் திறங்கள், 24 என்றால் மூடுங்கள். திறக்கும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால்தான் காற்று மாறும். ஒற்றை ஜன்னலை லேசாகத் திறந்து நாள் முழுக்க விடுவதில் பெரிய பயனில்லை, குளிர்காலத்தில் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை வரவும் கூடும்.

ஏசி, டீஹியூமிடிஃபையர், உப்புப் பெட்டி

ஏசி ஈரத்தை எடுக்கும், ஆனால் நிதானமாக ஓடினால்தான். அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி போட்டால் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். சில்லென்று இருக்கும், பிசுபிசுப்பு போகாது. டிரை மோடு இந்த நேரத்துக்குத்தான் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். 18 டிகிரியில் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் அந்த அறையின் மறுபக்கச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். அடுத்த அறையில் ஏசி இல்லையென்றால் இந்தக் குளிர்ந்த சுவரில் அங்கே பூஞ்சை பிடிக்கும்.

டீஹியூமிடிஃபையர் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 30 டிகிரி, 80% போன்ற சூழலில் எடுத்த அளவு, உங்கள் அறையில் பாதிகூட வராமல் போகலாம். குளிர்ந்த அறைக்கு, சுமார் 15 டிகிரிக்குக் கீழே போகும் இடத்துக்கு, கம்ப்ரஸர் வகை சரிப்படாது, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் டெசிகன்ட் வகை வேண்டும். ஜன்னலை மூடிவிட்டு 50 அல்லது 55-இல் வையுங்கள். முதல் சில நாள் தொட்டி தொட்டியாக நிறைந்தும் எண் இறங்கவில்லையே என்று பதற வேண்டாம், சுவரும் மெத்தையும் குடித்து வைத்த தண்ணீர்தான் இப்போது வருகிறது. அது தீர்ந்த பிறகுதான் எண் இறங்கும்.

உப்புப் பெட்டி என்று சொன்னது ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை. இவை மூடிய பீரோவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நல்லவை, திறந்த அறைக்கு உதவாது. கீழே சேரும் திரவம் தோல் பொருள்களைக் கெடுக்கும், உலோகத்தை அரிக்கும், கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா லென்ஸுக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும், உள்ளே 40-லிருந்து 50% இருக்கும்படி. கரித்துண்டு, கிண்ணத்தில் உப்பு, ஈரத்தை உறிஞ்சும் என்று சொல்லப்படும் செடி இவையெல்லாம் ஆறுதலுக்குத்தான். செடி ஈரத்தை உறிஞ்சுவதில்லை, விடத்தான் செய்கிறது. ஏர் பியூரிஃபையரும் வித்துகளைப் பிடிக்கும், ஈரத்தைத் தொடாது.

பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அளவு தள்ளிப் போடுங்கள், முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். துணியைத் திணிக்காமல் அடுக்குங்கள். அரைகுறையாகக் காய்ந்த துணி ஒன்றை உள்ளே வைத்தாலும் பக்கத்தில் இருப்பதெல்லாம் நாறும். வாஷிங் மெஷின் கதவைத் துவைத்த பிறகு திறந்தே வையுங்கள்.

இருக்கும் பூஞ்சையை எடுப்பது

மூன்றடிக்கு மூன்றடி பரப்புக்குள் என்றால் நாமே செய்யலாம். அதற்கு மேல் என்றாலோ, சாக்கடைத் தண்ணீர் புகுந்த இடம் என்றாலோ ஆள் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, நோய் எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது, அந்த நேரத்தில் அறையில் இருக்கவும் வேண்டாம். கறுப்பாக இருந்தால் விஷம், வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை என்று நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. எதுவாக இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும், எந்த வகை என்று சோதனைக்கு அனுப்பிப் பணம் செலவழிப்பதும் தேவையில்லை.

என்95 மாஸ்க், கையுறை, காற்றுத் துளை இல்லாத கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் திறக்கும் கதவை மூடி வெளி ஜன்னலைத் திறங்கள், ஃபேன் வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும், அதனால் முதலில் ஈரமாக்கிவிட்டு டிடர்ஜென்ட் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, உடனே நன்றாக உலர்த்துங்கள். டைல்ஸ், கண்ணாடி, உலோகம், நல்ல பெயின்ட் அடித்த சுவர் இவற்றுக்கு இதுவே போதும். பிளீச் கட்டாயமில்லை, செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் கொல்வதைவிடத் துடைத்து எடுப்பதுதான் முக்கியம். பிளீச்தான் என்று முடிவு செய்தால் வினிகர், ஆசிட், அம்மோனியா எதோடும் கலந்துவிடாதீர்கள், வரும் வாயு நுரையீரலைத் தாக்கும். ஊறிப்போன ஃபால்ஸ் சீலிங் பலகை, உப்பிய பிளைவுட், உள்ளே வரை பூஞ்சை ஏறிய ஃபோம் மெத்தை இவற்றைக் காப்பாற்றப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

பெயின்ட் கடைசியில்தான். சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு அடியுங்கள், ஈரச்சுவரில் அடித்த பூஞ்சைத் தடுப்புப் பெயின்டும் உரிந்துதான் வரும்.

துடைத்த இடத்தின் எல்லையைப் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அறைக் காற்று 55%-க்குள் நின்றும், பீரோவைத் தள்ளிப் போட்டும், அதே கோட்டுக்குள் பூஞ்சை திரும்ப வந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போது பிளம்பரையோ வாட்டர்புரூஃபிங் ஆளையோ கூப்பிட்டு, குறித்துவைத்த எண்களையும் போட்டோவையும் காட்டி, எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று அவர் காட்டிய பிறகு வேலைக்குச் சம்மதியுங்கள்.